யூ3ஏ, புரோபஸ், தமிழ் மூத்தோர் சங்கம்: மெல்பேர்னில் ஓய்வு பெற்றவர் எங்கே சேரலாம்?

டண்டினோங்கிலிருந்து கிளன் வேவர்லி வரையுள்ள மெல்பேர்னின் தென்கிழக்குப் புறநகர்களில், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் பலர் இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஓய்வின் முதல் மூன்று மாதம் தோட்டத்திலும் ஊருக்குப் போய்வருவதிலும் கழிந்துவிடுகிறது. அதன் பிறகுதான், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கே போவது என்ற கேள்வி வருகிறது. எனக்கும் வந்தது. கணக்காளனாக இருந்த பழக்கத்தால், அருகில் இருந்த நான்கு வகை அமைப்புகளை (யூ3ஏ என்ற முதியோர் கற்றல் அமைப்பு, புரோபஸ் என்ற ஓய்வு பெற்றோர் கழகம், தமிழ் மூத்தோர் சங்கம், மென்ஸ் ஷெட் என்ற ஆண்களுக்கான பட்டறை) ஒரு தாளில் கோடு கிழித்து ஒப்பிட்டேன். இரண்டு ஆண்டுகளில் நான்கிலும் கால் வைத்தும் பார்த்தேன். தாளில் போட்ட கணக்கு பெரும்பாலும் பிழையாகிப் போனது.

முதலில் கட்டணத்தைப் பேசி முடித்துவிடலாம். மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் எனப்படும் யூ3ஏயின் ஆண்டுச் சந்தா பொதுவாக நூறு டொலருக்குள் அடங்கும். அதைக் கட்டிவிட்டால் பெரும்பாலான வகுப்புகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. தமிழ் மூத்தோர் சங்கங்களின் சந்தா அதைவிடக் குறைவு. புரோபஸ் கழகத்தின் சந்தாவும் பெரிதல்ல என்றாலும், சேரும்போது ஒரு தொகை, பின்னர் மதிய விருந்துக்கும் சுற்றுலாவுக்கும் தனித்தனியே என்று வருட முடிவில் அதுவே அதிகச் செலவு வைக்கிறது. எப்படியானாலும் இந்த வேறுபாடு ஒருவருடைய முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிதல்ல. உண்மையில் வேறுபாட்டை உண்டாக்குபவை இரண்டு: அதே முகங்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்பது ஒன்று; அந்த இடம் நம்மிடமிருந்து எதையாவது கேட்கிறதா என்பது மற்றது.

யூ3ஏயின் பெயரில் உள்ள பல்கலைக்கழகம் என்ற சொல் எங்களவர்களைக் குழப்புகிறது. சேர்வதற்கு என்ன தகுதி வேண்டும் என்று சிலர் தயங்குகிறார்கள். முடிவில் என்ன சான்றிதழ் தருவார்கள் என்று வேறு சிலர் கேட்கிறார்கள். தகுதியும் இல்லை, பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை; முழுநேர வேலையில் இல்லாதவராக இருந்தால் போதும். இந்த அமைப்பு 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியரின் முயற்சியால் தொடங்கியபோது, அது உண்மையிலேயே பல்கலைக்கழகத்தோடு இணைந்து, பேராசிரியர்கள் முதியவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாடாகத்தான் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், சமூகவியலாளர் மைக்கல் யங், கல்வியாளர் எரிக் மிட்வின்டர் ஆகிய மூவரும் அதைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்தபோது, கற்பிப்பவரும் கற்பவரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், ஒருவருக்கும் சம்பளம் இல்லை என்று அடிப்படையையே மாற்றிவிட்டார்கள். லாஸ்லெட்டின் பார்வையில் மூன்றாம் வயது என்பது பிறந்த ஆண்டைக் கொண்டு எண்ணுவதல்ல. படிப்பும், பிழைப்பும் பிள்ளை வளர்ப்பும் முடிந்த பிறகு, தளர்ச்சி வந்து சேர்வதற்கு முன்னர், ஒருவர் தனக்காக வாழக் கிடைக்கும் கட்டம் அது. அவுஸ்திரேலியா பின்பற்றியது பிரித்தானிய முறையை. 1984இல் முதல் யூ3ஏ தொடங்கியதும் மெல்பேர்னில்தான். இன்று விக்டோரியா மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன.

சம்பளம் இல்லாத ஆசிரியர் என்ற அந்த ஒரு விதியிலிருந்துதான் யூ3ஏயின் நன்மை தீமைகள் எல்லாம் கிளைக்கின்றன. கட்டணம் குறைவாக இருப்பது அதனால்தான். எந்தக் கிளையில் என்ன பாடம் இருக்கும் என்பது அந்தப் பகுதியில் யார் ஓய்வு பெற்று வாழ்கிறார் என்பதைப் பொறுத்திருப்பதும் அதனால்தான். பிரெஞ்சு, உலக நடப்பு, மாஜொங் என்ற சீன விளையாட்டு, தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சி, உகுலேலே என்ற சிறு நரம்பு வாத்தியம் ஆகியவை பல இடங்களில் உண்டு, மற்றவை அதிர்ஷ்டம். நான் சேர்ந்த உகுலேலே வகுப்பு, நடத்தியவர் நோய்வாய்ப்பட்டதும் பாதித் தவணையில் நின்றுபோனது. மாற்று ஆசிரியர் என்று எவரும் இல்லை. என் விரல்களைக் கேட்டவர்கள் அதற்காக வருந்தியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மற்றொரு வகுப்பு அப்படியல்ல. நீர்வள நிறுவனம் ஒன்றில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தென்கிழக்கு அவுஸ்திரேலியாவின் மரே–டார்லிங் ஆற்றுப்படுகையின் நீரை மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றியும் 2012ஆம் ஆண்டின் படுகைத் திட்டத்தைப் பற்றியும் ஒரு தவணை முழுவதும் நடத்தினார். மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் உள்ள வழக்கு எங்கும் ஒன்றுதானே. நான்காவது வாரம், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது அங்குள்ள விவசாயிகள் ஏன் எதிர்த்தார்கள் என்பதைப் பத்து நிமிடம் விளக்கினேன். வகுப்பு முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, அடுத்த தவணையில் ஒரு காலை முழுவதும் இதைப் பற்றி நீங்களே நடத்த முடியுமா என்று கேட்டார். வேலையை விட்ட பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்டு வாங்கியது அதுவே முதல் தடவை. என் தாளில் அதற்கென்று ஒரு கட்டமே போட்டிருக்கவில்லை.

ஆனால் அந்த நான்காவது வாரத்துக்கு முன்னர் மூன்று வாரங்கள் நான் வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் ஆங்கிலத்தில் வேலை செய்தவனுக்கும், தேநீர் இடைவேளையில் அறுபதுகளின் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியையும் காற்பந்து அணிகளையும் வைத்து அவர்கள் சிரிக்கும்போது, எங்கே சிரிப்பது என்று தெரிவதில்லை. வாரந்தோறும் அதே பன்னிரண்டு பேர் வருவதால்தான் அந்தத் தயக்கம் கரைந்தது.

தமிழ் மூத்தோர் சங்கத்தில் இந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. நகரசபையின் முதியோர் மண்டபத்தைக் குறைந்த வாடகைக்கு எடுத்து, தேவாரத்தோடு தொடங்கி, ஒரு சொற்பொழிவு, சில பாட்டுகள், பின்னர் இடியப்பமும் சொதியும் என்று நடக்கும் கூட்டத்துக்கு முதல் நாள் போகும்போதே பாதிப் பேரைத் தெரிந்திருக்கும். இதன் பெறுமதி நோயிலும் சாவிலும்தான் முழுதாகத் தெரிகிறது. ஒருவர் மருத்துவமனையில் படுத்தால் சாப்பாடு போகிறது. முதியோர் பராமரிப்புக்கான விண்ணப்பத்தை நிரப்பவும், அரசின் உதவித்தொகை அலுவலகமான சென்டர்லிங்குக்குக் கூட்டிப் போகவும், தொலைபேசியில் மொழிபெயர்க்கவும் ஆள் இருக்கிறது. யூ3ஏயில் ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் வகுப்புத் தலைவர் ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

குறையையும் மறைக்கக் கூடாது. நான் பார்த்த சங்கங்களில் மேடையில் சிலர் பேசுகிறார்கள், மற்றவர்கள் கதிரையில் இருந்து கேட்கிறார்கள். நீரிழிவு பற்றிய வைத்தியரின் உரையை நான் ஆறு தடவை கேட்டிருக்கிறேன். நோய் மாறவில்லை, உரையும் மாறவில்லை. ஆண்கள் பேசப் பெண்கள் பரிமாறும் வழக்கம் கடல் கடந்தும் அப்படியே வந்திருக்கிறது. நிர்வாகக் குழுத் தேர்தலில் எந்தப் பாடசாலையின் பழைய மாணவர் என்பது இன்னும் எண்ணப்படுகிறது. பேச்சு ஊர்ப் பெயர்களுக்குள் இறங்கியதும், தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்து சேர்ந்த பெற்றோர் மெதுவாக ஒதுங்கிப் போவதையும் கண்டிருக்கிறேன். இருந்தாலும், பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே அழைக்கப்பட்டு வந்து, ஆங்கிலமும் வாகனமும் இல்லாமல் வீட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு இந்த நான்கில் வேறெதையும் நான் முதலில் சொல்ல மாட்டேன். என் மனைவி இங்கேதான் தொடங்கினார். இங்கே கிடைத்த தோழி ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் யூ3ஏயின் தாய்ச்சி வகுப்புக்குப் போனார்.

நேரமும் போக்குவரத்தும் சிறிய விஷயங்கள் போலத் தோன்றினாலும் பலருக்கு இவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. யூ3ஏ வகுப்புகள் பெரும்பாலும் வார நாட்களில் காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்றுக்குள் முடிவதால், மூன்றரைக்குப் பேரப்பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவர வேண்டியவர்களுக்கு இடிப்பதில்லை. பாடசாலைத் தவணைகளையே அவர்களும் பின்பற்றுவதால் பிள்ளைகள் வீட்டில் நிற்கும் விடுமுறையில் வகுப்பும் இருக்காது. தமிழ்ச் சங்க நிகழ்ச்சிகள் பல வார இறுதியில் வருகின்றன. மூத்தோருக்கான பயண அட்டையான சீனியர்ஸ் மைக்கி உள்ளவருக்கு சனி, ஞாயிறு பயணம் இலவசம் என்பதால் அது ஒரு வசதி, ஆனால் அந்த நாட்களில் பஸ் குறைவு.

புரோபஸைப் பற்றி நீட்டிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. தொழில் நடத்தியவர்களும் உயர்பதவியில் இருந்தவர்களும் ஓய்வுக்குப் பின்னர் சந்திப்பதற்கென அறுபதுகளின் நடுவில் இங்கிலாந்தில் தொடங்கிய கழகம் அது. தொழில், வணிகம் என்பவற்றுக்கான இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதல் மூன்று எழுத்துகளை ஒட்டவைத்த பெயர். அவுஸ்திரேலியாவில் 1976இல் சிட்னியில் தொடங்கியது. ரோட்டரிக் கழகங்கள் கைகொடுத்து உருவாக்கினாலும் நிதி திரட்டுவதோ சேவைத் திட்டமோ இதன் வேலையல்ல. மாதத்துக்கு ஒரு பொதுக்கூட்டம், ஒரு விருந்தினர் உரை, தேநீர். பின்னர் நடை, விருந்து, சுற்றுலா என்று சிறு குழுக்கள். உரைகளின் தரம் நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அந்த முகங்களை மீண்டும் பார்க்க இரண்டு மாதம் ஆகிறது, எண்பது பேர் கூட்டத்தில் பெயர்கள் மனதில் நிற்பதில்லை. விருந்துகள் பெரும்பாலும் மதுச்சாலையோடு இணைந்த உணவகங்களில் நடப்பதால், வெள்ளிக்கிழமை மரக்கறி உண்பவர் உருளைக்கிழங்குப் பொரியலைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். கணவனும் மனைவியும் சேர்ந்து சுற்றுலாப் போக விரும்பினால், ஆங்கிலம் சரளமாக வருமானால், இது நல்ல தெரிவு.

மென்ஸ் ஷெட் எனப்படும் ஆண்களுக்கான பட்டறையை நான் கிட்டத்தட்ட விட்டுவிட இருந்தேன். விக்டோரியாவின் டொங்காலா என்ற சிற்றூரில் 1998இல் அந்தப் பெயருடன் தொடங்கி, நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேலாகப் பெருகியிருக்கும் இவற்றில் தச்சுவேலையும் பழுதுபார்ப்பும் நடக்கும். ஆண்கள் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்றுதான் பேசுவார்கள் என்பது அவர்கள் சொல்லிக்கொள்ளும் வாசகம். சீவுளி பிடித்த முதல் நாளே என் கை எதற்கு உரியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மனைவியை இழந்த பிறகு சங்கக் கூட்டங்களில் மூலையில் மௌனமாக இருந்த நண்பர் ஒருவர், இப்போது வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய்ப் பழைய சைக்கிள்களைத் திருத்தி ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். அங்கே அவர் பேசுகிறார் என்று கேள்விப்படுகிறேன்.

ஆகவே, ஓரளவு ஆங்கிலமும் ஒரு பாடத்தில் ஆர்வமும் உள்ளவர் யூ3ஏயை வார நாட்களுக்கு வைத்துக்கொண்டு, சங்கத்தை விட்டுவிடாமலும் இருப்பதே என் பரிந்துரை. இரண்டும் சேர்ந்தாலும் செலவு சிறியது. யூ3ஏயில் சேர்வதானால் கால அட்டவணையைப் பார்க்க வேண்டும்: பல கிளைகளில் அடுத்த ஆண்டுக்கான சேர்க்கை டிசம்பரிலும் ஜனவரியிலும் நடக்கிறது, வகுப்புகள் பெப்ரவரியில் தொடங்குகின்றன, விரும்பப்படும் வகுப்புகள் முதல் சில நாட்களிலேயே நிரம்பிக் காத்திருப்போர் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். தவறவிட்டவர்கள் ஜூலை வரை பொறுக்கலாம். சில கிளைகளில் அப்போது பாதிச் சந்தாவுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள், முதல் தவணையில் நிரம்பியிருந்த வகுப்புகளிலும் அதற்குள் இரண்டு கதிரை காலியாகியிருக்கும்.