ஸ்கிரீனில் எம்.எஸ். புளூ, பத்திரிகையில் கத்தரிப்பூ

பிரஸ்ஸில் கலர் புரூஃபுக்கு, அதாவது அச்சடிக்கும் முன் நிறம் சரிபார்க்கத் தரும் மாதிரிக்கு, தனியாகப் பணம் கேட்டால், கையில் என்ன தரப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

தங்கை கல்யாணப் பத்திரிகை. நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த எம்.எஸ். புளூ பட்டு நிறத்திலேயே பார்டர் வேண்டும் என்று பிடிவாதம். சேலையையே சிவகாசிக்கு எடுத்துப்போனோம். டிசைனர் அதை மானிட்டர் பக்கத்தில் வைத்து, கூட்டிக் குறைத்து, அச்சு அசலாக அந்த நீலத்தைக் கொண்டுவந்துவிட்டார். "கேலிபிரேட் பண்ணின மானிட்டர் சார், இதுல பாக்குறதுதான் பேப்பர்ல வரும்" என்றார் ஓனர். 600 பத்திரிகை, கூடவே கலர் புரூஃப் 1,200 ரூபாய். புரூஃப் என்று வந்தது வாட்ஸப்பில் ஒரு படம். செல்போனில் பளிச்சென்று இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். அது என் தப்புதான்.

கட்டைப் பிரித்தால் பார்டர் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். கேட்டதற்கு, "இந்தப் பேப்பர் இங்க்கைக் குடிச்சிரும் சார்." குடிக்கும்தான், கோட்டிங் இல்லாத சொரசொரப்புத் தாள். அது முதல் நாளே தெரியாதா?

அப்புறம் டிசைன் வேலை பார்க்கும் நண்பனிடம் ஃபைலைக் காட்டினேன். ஆர்ஜிபியிலேயே, அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கணக்கிலேயே கிடந்தது. திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. பிரஸ்ஸில் இருப்பது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை. அந்த மைகளுக்கு எட்டாத நீலங்கள் திரையில் நிறைய உண்டு. சயானுக்குச் சமமாக மெஜந்தா ஏறினால் நீலம் ஊதாவாகிவிடும், 30 சதவீதமாவது குறைவாக வைக்க வேண்டும் என்றான். ஃபோட்டோஷாப்பில் அந்த வகைத் தாளுக்கான புரொஃபைலை (அந்தத் தாளில் மை எப்படி நிறம் காட்டும் என்ற கணக்கு) தேர்ந்தெடுத்து, அச்சில் வரப்போகும் நிறத்தைத் திரையிலேயே காட்டச் சொல்லி கன்ட்ரோலையும் ஒய்யையும் சேர்த்து அழுத்தினான். நீலம் அப்படியே மங்கி, என் கையிலிருந்த பத்திரிகையின் நிறத்துக்கு வந்து நின்றது. ஒரு நிமிட வேலை. பிளேட் போடும் முன் அங்கே ஒருவரும் இதைச் செய்யவில்லை.

கேலிபிரேஷன் கதையும் அந்த லட்சணம்தான். மானிட்டர் நிறத்தைச் சரியாகக் காட்டும்படி, திரையில் மீட்டரை வைத்து அளந்து செய்கிற காரியம் அது. அந்த மானிட்டரோ ஜன்னலைப் பார்த்து, முழு பிரைட்னஸில் எரிந்துகொண்டிருந்தது.

நிறம் முக்கியம் என்றால், அச்சாகப்போகும் அதே தாளில் ஒரு பிரதி கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அதன் மேலேயே கையெழுத்துப் போடுங்கள். செல்போன் படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

திருப்பி அடிக்க நாள் இல்லை, அதையே ஊரெல்லாம் கொடுத்தோம். பில்லில் 'கலர் புரூஃப்' என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அந்த 1,200-ஐயாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன். எப்போது கூப்பிட்டாலும் ஓனர் வெளியூர் போயிருக்கிறாராம்.