எங்கே அளந்தாலும் 94: ஐபெர்ஃப்3-உடன் நான்கு வருடம்

நெட் மெதுவாக இருந்தால் எல்லோரும் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்ப்போம். அதில் வருவது வீட்டு வைஃபை, வெளியிலிருந்து வரும் லைன், எங்கோ இருக்கும் சர்வர் எல்லாம் சேர்ந்த கணக்கு. கோளாறு எதில் என்று தெரியாது. நான் ஐபெர்ஃப்3-க்கு மாறியது அதனால்தான். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஈஎஸ்நெட் குழுவின் இலவச மென்பொருள் இது. ரவுட்டரோடு கேபிளில் இணைத்த பழைய கம்ப்யூட்டரில் சர்வராக ஓடவிட்டு, வைஃபையில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து கட்டளை கொடுத்தால், பத்து விநாடி டேட்டாவைத் தள்ளி விநாடிவாரியாக வேகத்தைச் சொல்லும். இன்டர்நெட்டே வேண்டாம்.

முதல் வருடமே மானம் போனது. புது ரவுட்டர், லேப்டாப் 866 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 866 மெகாபிட்) இணைப்பு என்று காட்டியது. ஹாலில் அளந்தேன், 94. படுக்கையறையில் 94. ரவுட்டரை ஒட்டி உட்கார்ந்தாலும் 94. ரவுட்டரைத் திட்டிக்கொண்டே இரண்டு நாள் வைஃபை சேனல் (அலைவரிசைப் பகுதி) மாற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: சுவர் தாண்டியும் குறையாத வேகம் வைஃபையின் வேகமாக இருக்க முடியாது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில், அதாவது கேபிள் இணைப்பில், ஹெட்டர்களை (ஒவ்வொரு டேட்டாப் பொட்டலத்திலும் ஒட்டியிருக்கும் முகவரி போன்ற தகவலை) கழித்தால் கைக்கு வருவது சுமார் 94. கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும். சர்வர் பக்கத்துக் கேபிளில் ஒரு ஜோடி போயிருந்தது, இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது. கேபிளை மாற்றியதும் 540.

முழு 866 ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், வராது. காற்று ஒரே ஒற்றையடிப் பாதை. ஒரு சேனலில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், அனுப்பியதற்கெல்லாம் 'கிடைத்தது' என்று பதிலும் வர வேண்டும். பாதிக்கு மேல் வந்தாலே எனக்குத் திருப்தி.

குறைகளும் உண்டு. சும்மா ஓட்டினால் அளப்பது அப்லோடை. டவுன்லோடுக்குக் கட்டளையில் கேப்பிட்டல் ஆர் (-R) சேர்க்க வேண்டும். யுடிபி ('கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திராமல் டேட்டா அனுப்பும் முறை) சோதனையில் எவ்வளவு வேகத்தில் அனுப்ப வேண்டும் என்று சொல்லாவிட்டால் 1 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும், புதிதாக வருபவர் பதறிப்போவார். பத்து விநாடியும் போதாது, நான் அறுபது வைக்கிறேன்.

அந்த அறுபதின் அருமை சமையலறையில் தெரிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் 70, 72, 69 என்று ஓடிக்கொண்டிருந்த வரிசை திடீரென 18, 11, 14 ஆனது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா, அதே அலைவரிசையில் இயங்கும் மைக்ரோவேவில் பால் வைத்திருக்கிறார். 'டிங்' என்றது. அடுத்த வரியில் 71.