சுங்கை சிப்புட்டில் ஈறு வைத்தியம்: டாக்டர் கை சுத்தம், கிருமி ரிப்போர்ட்டுக்குத்தான் காசு தண்டம்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மாடியில் இருக்கும் ஒரு பல் கிளினிக்கில் ஈறு வைத்தியம் பார்த்துக்கொண்டேன். பெயர் போடவில்லை. நான் குறை சொல்லப்போகும் அந்தச் சோதனையைப் பல இடங்களில் விற்கிறார்கள், ஒரு கடையை மட்டும் பிடித்து அடிப்பது நியாயமாகாது.

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. பல் துலக்கினால் இரத்தம், கீழ்வரிசை முன்பல் இரண்டு லேசாக ஆட்டம். அரசாங்க பல் கிளினிக்கில் காட்டியிருக்கலாம், மலிவும்கூட. ஆனால் எனக்குக் கிடைத்த தேதி தள்ளிப் போனதால் தனியாருக்குப் போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண், நம் தமிழ்ப்பிள்ளை. அவசரமே இல்லை. மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடம் அளந்தார். பக்கத்தில் நின்ற தாதி எழுதிக்கொண்டே வந்தார். "மூணு, ரெண்டு, மூணு... நாலு, ஆறு, ஏழு." ஏழு என்றபோது தாதி என்னைத் திரும்பிப் பார்த்தார். வலது கீழ்க் கடைவாய்ப் பல். "மூணு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா சரி அங்கிள். அதுக்கு மேல ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆயிடுது, பிரஷ் அங்க போகாது" என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கியிருப்பதையும் பென்சில் முனையால் காட்டினார். இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் வாயைப் பற்றிச் சொன்னதில்லை. இதற்கே முழு மதிப்பெண்.

அப்புறம்தான் முன்மேசையில் அந்தச் சோதனையைச் சொன்னார்கள். ஈறுக்குள் இருக்கும் கிருமிகளின் டிஎன்ஏவைப் பார்ப்பார்களாம். 380 வெள்ளி (ரிங்கிட்). கூரான சின்னக் காகிதக் குச்சியை ஆழமான பைகளில் வைத்துச் சில விநாடி கழித்து எடுத்து, குழாயில் போட்டு மூடி அனுப்பினார்கள். வலி கிடையாது.

ரிப்போர்ட் வழவழ தாளில், கலர் கலரான பட்டைகளோடு வந்தது. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சைத்தியா இரண்டும் அதிகம். ட்ரெபோனிமா டென்டிகோலா நடுத்தரம். மூன்றும் சேர்ந்ததைச் 'சிவப்புக் கூட்டம்' என்பார்கள். 1998-ல் சோக்ரான்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு வைத்த பெயர். ஆழமான ஈறுப் பைகளில் இவை மூன்றும் ஒன்றாகவே காணப்படுவதைக் கண்டு அப்படி வகைப்படுத்தினார்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் செம்பனை எண்ணெய் ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். எண்ணெயில் அமில அளவு 5 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்குபவன் தகராறு பண்ணுவான். அதனால் அந்த எண் ஏறத் தொடங்கியதுமே குலை எங்கே தேங்கிக் கிடக்கிறது என்று தேடி ஓடுவோம். எண் மாறினால் எங்கள் வேலையும் மாறும். அந்தப் பழக்கத்தில்தான் டாக்டரிடம் கேட்டேன்: "இந்த மூணு கிருமியும் இல்லன்னு வந்திருந்தா வேற வைத்தியம் பண்ணியிருப்பீங்களா டாக்டர்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல அங்கிள், இதேதான். ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணணும்" என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக அவரை எனக்கு இன்னும் பிடித்துப்போனது. ஆனால் இதை 380 வெள்ளி கட்டுவதற்கு முன்னால் முன்மேசையில் சொல்லியிருக்க வேண்டும்.

சோதனை பொய் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து படித்துப் பார்த்ததில், விஷயம் அந்தத் தாளில் இருப்பதைவிட நுணுக்கமாக இருக்கிறது. ஜிஞ்சிவாலிஸ் என்று ஒரே பெயர் போட்டாலும் உள்ளே பல ரகம். அது பல்லிலும் ஈறிலும் பற்றிக்கொள்ள உதவும் நுண்ணிய இழைகளுக்கான மரபணுவை வைத்தே ஆறு வகை பிரித்திருக்கிறார்கள். ஜப்பானில் ஆராய்ந்தபோது, ஈறு நன்றாக இருந்தவர்களிடம் பெரும்பாலும் முதல் வகையும், ஈறு கெட்டவர்களிடம் பெரும்பாலும் இரண்டாம் வகையும் இருந்தன. எனக்கு எந்த வகை? தாளில் இல்லை. கிருமியின் பெயரும் அளவும் மட்டும்தான்.

ரகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மொரோக்கோ கதை இருக்கிறது. இன்னொரு ஈறுக் கிருமி, பெயர் வாயில் நுழையாது: அக்ரிகாட்டிபாக்டர் ஆக்டினோமைசிட்டெம்கோமிட்டன்ஸ். அதில் ஜேபி2 என்று ஒரு ரகம். டிஎன்ஏவில் 530 எழுத்து விடுபட்டுப் போனதால், வெள்ளை அணுவைக் கொல்லும் நச்சை இது மற்ற ரகங்களைவிட மிக அதிகமாகச் சுரக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகளை இரண்டு வருடம் கவனித்து 2008-ல் எழுதினார்கள். இந்தக் கிருமியே இல்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், ஜேபி2 மட்டும் இருந்தவர்களுக்கு ஈறு பிடிப்பு விடும் ஆபத்து 18 மடங்கு. அதே கிருமியின் மற்ற ரகங்களுக்கு 3 மடங்குதான். சின்ன வயதிலேயே வேகமாக எலும்பு இறங்கினால், அங்கே இந்தச் சோதனைக்கும் அதை ஒட்டித் தரும் கிருமிக்கொல்லி மாத்திரைக்கும் அர்த்தம் இருக்கலாம். என்னைப் போன்ற இனிப்பு நீர்க் கிழவனுக்கு இல்லை.

என்னை அதிகம் உலுக்கியது இலங்கைக் கணக்கு. இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தொழிலாளிகள், நம் தமிழ் ஆட்கள். பல் துலக்கும் வழக்கமும் பல் வைத்தியமும் இல்லாதவர்கள். 1970 முதல் 15 வருடம் அவர்கள் வாயை அளந்துகொண்டே வந்தார்கள். எல்லார் பல்லிலும் அழுக்கு, எல்லார் ஈறிலும் வீக்கம். ஆனால் 8 விழுக்காட்டினருக்கு வேகமாகக் கெட்டது, 81 விழுக்காட்டினருக்கு மெதுவாக, 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை. வைத்தியம் தராமல் வெறுமனே அளந்துகொண்டிருந்தார்களே என்று எனக்குக் கோபமும் வந்தது, அது வேறு பேச்சு. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். உப்பும் கரியும் வைத்துத் தேய்த்த ஒரு தாத்தா கடைசிவரை கரும்பு கடித்தார். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நாற்பதில் பாதிப் பல் இல்லை. கிருமி ரகம், உடம்பின் எதிர்ப்பு, புகை, இனிப்பு நீர் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. ஒரு தாளில் மூன்று பட்டை போட்டு யாருக்கு எது என்று சொல்லிவிட முடியாது.

சரி, சுத்தம் செய்த கதைக்கு வருகிறேன். வாயை நான்காகப் பிரித்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு தடவைக்குக் கால் பாகம், 220 வெள்ளி. எடுத்த காறையைத் துணியில் வைத்துக் காட்டினார். கறுப்பாக, அரிசிக் குறுணை அளவில். இரண்டு நாள் பல் கூசியது, தேநீரைக்கூட ஆறவைத்துத்தான் குடித்தேன். இப்போது இரத்தம் நின்றுவிட்டது, மறுபடி அளந்ததில் அந்த ஏழு நாலாகியிருக்கிறது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஈறு வைத்தியம் பண்ணினால் மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 விழுக்காட்டுப் புள்ளி இறங்குகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கிளினிக்கில் இதை யாரும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டுக்குப் பதில் இதை அச்சடித்து ஒட்டலாம்.

வைத்தியத்துக்கு ஐந்துக்கு நாலரை, சோதனைக்கு ஒன்று. முன்மேசையில் கேட்டால் "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்த என் வீட்டுக்காரி, "அப்ப என் வெத்தலை பாக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லதானே?" என்று கேட்டாள். அடுத்த வாரம் அவளுக்கும் அளக்க நேரம் வாங்கியிருக்கிறேன். மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கூட ஆள் கூட்டிப் போங்கள். சனிக்கிழமை கூட்டம், கார் நிறுத்த இடம் கிடைக்காது.