பழைய என்2600 நெட்புக்குல விண்டோஸ் 10, லினக்ஸ் ரெண்டும் போட்டுப் பாத்தாச்சு

வீட்ல சும்மா கிடந்த நெட்புக், இன்டெல் ஆட்டம் என்2600 சிப், 10 இன்ச், 1024க்கு 600 ஸ்க்ரீன், ரேம் 2 ஜிபி (இந்த சிப்புக்கு அதுக்கு மேல ஏத்தவும் முடியாது), கூடவே வந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னு போச்சு, நல்லா இருக்குற மெஷினை தூக்கிப் போட மனசு வரல, அதான் ரெண்டு வாரமா ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன்.

விண்டோஸ் 10 32 பிட் இன்ஸ்டால் ஆகுது. ஆனா இதுல இருக்குற ஜிஎம்ஏ 3600 கிராஃபிக்ஸுக்கு 10க்குன்னு டிரைவர் கிடையாது, பேசிக் டிஸ்ப்ளே டிரைவர்ல தான் ஓடும். பிரைட்னெஸ் குறையாது, ஸ்லீப் ஆப்ஷனே வராது. பழைய 7 டிரைவரை ஏத்திப் பாத்தேன், ரீஸ்டார்ட் பண்ணா கறுப்பு ஸ்க்ரீன், சேஃப் மோட்ல போய் கழட்ட வேண்டியதாச்சு.

விஷயம் என்னன்னா பேரு தான் இன்டெலோட ஜிஎம்ஏ, உள்ள இருக்குறது வேற கம்பெனி டிசைனான பவர்விஆர் எஸ்ஜிஎக்ஸ் 545. அதனால லினக்ஸ்லயும் இன்டெலோட வழக்கமான ஐ915 டிரைவர் இதுக்கு ஆகாது, ஜிஎம்ஏ500னு தனி டிரைவர் லினக்ஸோட கர்னல்லயே (மையப் பகுதி) இருக்கு, அது ஸ்க்ரீனை சரியான ரெசல்யூஷன்ல காட்டும், 3டியும் வீடியோ டீகோடும் கிடையாது, எல்லாம் சிபியு தலைல தான் விழும். க்னோம் மாதிரி கனமான டெஸ்க்டாப் போட்டா மெனு திறக்கவே காத்திருக்கணும்.

கடைசியா டெபியன் 12ங்கற லினக்ஸ் 32 பிட், அதுமேல ஐஸ்டபிள்யூஎம்ங்கற லேசான டெஸ்க்டாப் போட்டேன் (64 பிட் என் மெஷின்ல பூட் ஆகல, சிப் தாங்கும், பயாஸ் விடல). நிஜமாவே சந்தோஷமா இருக்கு. பிரைட்னெஸ் கீ வேலை செய்யுது, தமிழ் டைப்பிங், மெயில், பிடிஎஃப் எல்லாம் ஓகே, எம்பிவி ப்ளேயர்ல 360பி வீடியோ தடங்கல் இல்லாம ஓடுது, 720பி திக்குது. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, இன்ஸ்டால் பண்ணும்போது நோமோட்செட் (கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாம பூட் ஆகச் சொல்ற ஆப்ஷன்) குடுத்திருந்தா அப்புறம் கிரப்ல (பூட் லோடர்) அதை எடுத்துடணும், இல்லன்னா ஜிஎம்ஏ500 லோடே ஆகாது.

பழைய நெட்புக் வாங்குறதா இருந்தா என்2600க்கு முந்தின என்450, என்455 தேடுங்க. ஒரே கோர் தான், ஆனா அதுல இருக்குற ஜிஎம்ஏ 3150 இன்டெலோட சொந்த டிசைன், ஐ915 டிரைவர் இன்னிக்கும் எடுத்துக்குது. ஃப்ரெண்டோட என்455ல விண்டோ நகர்த்துறது என்னோடதை விட ஸ்மூத்தா இருக்கு, கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சு.