பயண நினைவுக்கு நோட்டா, போனா?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனபோது இரண்டையும் வைத்திருந்தேன். 46 கிலோமீட்டர் பாதைக்கு, போனில் இருநூறு படம். அன்றிரவே வாட்ஸப்பில் அனுப்பினேன், அம்மா உடனே பார்த்தார். அந்த வேகம் நோட்டுக்கு வராது. ஆனால் வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாது.

நோட்டில் எழுதியது ஒன்றரைப் பக்கம்தான். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளப் பல்லைக் கடித்து ஏறும் சத்தம், குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் மாட்டியது, எதிர் சீட்டுப் பாட்டி காகிதத்தில் மடித்துக் கொடுத்த வேர்க்கடலை. டிக்கெட்டையும் அதிலேயே ஒட்டிவிட்டேன். அந்தப் பாட்டி என் இருநூறு படத்தில் ஒன்றில்கூட இல்லை.

பகிர்வதற்குப் போன் போதும். எனக்கென்று வைத்துக்கொள்ள நோட்டுதான். ஆனால் அன்றைக்கே எழுதிவிட வேண்டும், மறுநாள் பாதி மறந்துவிடும்.