குருதியியலா, புற்றுநோயியலா?

உள்ளகப் பயிற்சி முடித்த பிள்ளைகள் கேட்கிறார்கள்: "சேர், லுக்கேமியா, லிம்போமா போன்ற இரத்தப் புற்றுநோய்களைப் பார்க்க ஆசை. எந்தப் பக்கம் போவது?"

அமெரிக்காவில் இரண்டும் ஒரே பாதை. பொது மருத்துவத்தில் 3 வருடம், பிறகு இரத்த நோயும் புற்றுநோயும் சேர்ந்த பயிற்சி இன்னொரு 3 வருடம். இங்கே இலங்கையில் அப்படி இல்லை. கொழும்பில் எம்.டி. என்ற நிபுணர் பட்டம் செய்யும்போதே குருதியியலா (இரத்த நோய்த் துறை), புற்றுநோயியலா என்று பிரிந்துவிடவேண்டும்.

இங்குள்ள புற்றுநோய் நிபுணர் கதிர்ச்சிகிச்சை, கீமோ இரண்டையும் தானே திட்டமிடுகிறவர். அவருடைய கிளினிக்கில் மார்பகப் புற்றும் வாய்ப்புற்றும் நிறைய இருக்கும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுதான். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் எங்கள் ஊரில் எவ்வளவு ஆழமானது என்று சொல்லத் தேவையில்லை. அதற்குக் கதிர் கொடுப்பதென்றால் கிழமைக்கு 5 நாள், 6, 7 கிழமைக்கு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி வரும் ஒருவர் எங்கே தங்குவார், என்ன சாப்பிடுவார், யார் துணைக்கு வருவார்? இதையும் யோசிக்கிறவர்தான் நல்ல புற்றுநோய் வைத்தியர். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்தார்கள். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் அலைச்சலை அனுபவித்த குடும்பங்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

குருதியியல் வேறு உலகம். பாதி நாள் ஆய்வுகூடம், பாதி நாள் வார்ட். மாரி காலத்தில் டெங்கு வந்தால் பிளேட்லெட் குறைந்த நோயாளிகளைப் பற்றிக் கேட்டு அழைப்புகள் வரும். இரும்புச்சத்துக் குறைபாடு, தலசீமியா, ஹீமோபிலியா எல்லாம் உங்கள் மேசைக்குத்தான். இந்தத் துறையின் உச்சமாக நான் நினைப்பது ஒரு குறிப்பிட்ட லுக்கேமியாவை: அக்யூட் புரோமைலோசைட்டிக். பல் முரசில் இரத்தம் கசிகிறது, உடம்பில் நீலக் கண்டல்கள் என்று வருகிறவர், விட்டால் சில நாட்களிலேயே மூளையில் இரத்தம் கசிந்து இறந்துபோகலாம். கண்ணாடித் துண்டில் பூசிய இரத்தப் பூச்சை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, செல்லுக்குள் ஊசிக்கட்டுப்போல் கிடக்கும் கோல்களை அடையாளம் கண்டால், மரபணுச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கக்கூடாது. ஆட்ரா என்ற மாத்திரையை உடனே தொடங்கவேண்டும். ஆர்செனிக் மருந்தும் சேர்ந்தால் பெரும்பாலானவர்கள் முழுதாகக் குணமாகிறார்கள். கண்டுபிடித்த கண்ணும் மருந்து எழுதும் கையும் ஒருவருடையதாகவே இருக்கும் பாக்கியம் வேறு எத்தனை துறைகளில் உண்டு?

அமெரிக்கப் பாதையில் போனால் இந்த இன்பம் குறைவு; பூச்சுகளைப் பெரும்பாலும் அங்கே பத்தொலொஜிஸ்ட் (நோயியல் நிபுணர்) பார்த்துவிடுவார். புதிய மருந்துகளும் ஆராய்ச்சியும் அங்கே அதிகம், உண்மைதான். ஆனால் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகிறவர் பயிற்சிக்குப் பின் நாடு திரும்பி 2 வருடம் இருக்கவேண்டும், அல்லது விலக்குப் பெறவேண்டும். கிளம்பும் முன்பே இதை வீட்டில் சொல்லிவிடுங்கள்.

நான் என்றால் குருதியியல்தான். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் அரை மணித்தியாலம் இருந்தாலே சலிப்பு வருகிற பிள்ளைக்கு அதைச் சொல்லமாட்டேன். அப்படிப்பட்டவர் ஒரு கிழமை புற்றுநோய் கிளினிக்கில் போய் நின்று பார்த்துவிட்டு வரட்டும், அப்புறம் பேசுவோம்.