ரமோன்ஸ் சத்தத்துக்கு என்ன வாங்கலாம்? சில வருடப் பயன்பாட்டுக்குப் பின் என் பரிந்துரை

நியூயார்க்கின் பங்க் ராக் குழுவான ரமோன்ஸின் 1976, 1977 காலத்துச் சத்தத்தை நண்பர்களோடு சேர்ந்து வாசிக்க, சில வருடங்களாக நான் பயன்படுத்தி வருபவை இவை: எபிஃபோன் லெஸ் பால் ஜூனியர் கிட்டார், மார்ஷல் டிஎஸ்எல்20 காம்போ ஆம்ப் (ஸ்பீக்கரும் சேர்ந்தே வரும் ஒலிபெருக்கி), பாஸ் கிட்டாருக்கு ஸ்குவையர் அஃபினிட்டி பிரசிஷன் பிஜே. கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் ஒரு கேபிள் மட்டும்தான், சத்தத்தை மாற்றும் பெடல் எதுவும் கிடையாது. இந்தக் குழுவின் மேல் ஆசை வருகிறவர்கள் பெரும்பாலும் கிட்டாரைத்தான் முதலில் தேடுகிறார்கள். இத்தனை நாள் வாசித்த பிறகு நான் போடும் வரிசை வேறு: முதலில் வலது கை, அடுத்து ஆம்ப், அதற்கப்புறம்தான் கிட்டார்.

குழுவின் கிட்டாரிஸ்ட் ஜானி ரமோன் வாசித்தது மோஸ்ரைட் வென்ச்சர்ஸ் II என்ற கிட்டார். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் செமி மோஸ்லி நடத்திய கம்பெனியின் தயாரிப்பு. வென்ச்சர்ஸ் குழுவின் பெயரில் வந்த மாடலுக்கு மலிவான தம்பி இது. 1974 ஜனவரியில் நியூயார்க்கில் உள்ள மேனிஸ் கடையில் சுமார் 50 டாலருக்கு வாங்கினார். கையில் இருந்த காசுக்குக் கிடைத்தது, வேறு யாரும் அதிகம் வாசிக்காததாகவும் இருந்தது. அந்த நீல நிறக் கிட்டார் 1977-ல் திருடு போனது. அதற்குப் பிறகு கிடைத்த வெள்ளை நிற 1965 மாடலோடுதான் 1996-ல் குழு கலையும் வரை மேடை ஏறினார். 2021-ல் அந்த வெள்ளைக் கிட்டார் ஏலத்தில் 9 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆகவே அசலைத் தேடும் வேலையை விட்டுவிடலாம். ஈஸ்ட்வுட், ஹால்மார்க் ஆகிய கம்பெனிகள் அதே வடிவத்தில் கிட்டார் செய்கின்றன. கூரியர் செலவு, இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்ததும் அந்தத் தொகைக்கு ஆம்பே வாங்கிவிடலாம் என்று தெரிந்தது. நான் ஆம்ப் பக்கம் போனேன்.

ஜூனியரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதில் இருக்கும் ஒரே ஒரு பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்). பிரிட்ஜ் பக்கம் பி-90 என்ற சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் ஒன்று, ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். மோஸ்ரைட்டின் சொந்தப் பிக்கப்பும் சத்தம் அதிகம் தரும் சிங்கிள் காயில் வகை. மேல் ஸ்தாயியில் கூர்மை இருக்கும், நடுவில் ஒரு கரகரப்பு இருக்கும். பி-90 இதற்கு நன்றாகவே பக்கத்தில் வருகிறது. இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் உள்ள கிட்டாரிலும் நிறைய வாசித்துப் பார்த்திருக்கிறேன். சத்தம் தடிமனாக வரும், ஆனால் ஒரு விரலால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கும் பார் கார்டின் ஆறு ஸ்ட்ரிங்கும் ஒன்றோடொன்று குழைந்து போகும். நெக் விஷயத்தில்தான் பெரிய வித்தியாசம். மோஸ்ரைட்டின் நெக் மெலிசு, ஃபிரெட்டுகள் உயரம் குறைவு, அதனால் கை வழுக்கிக்கொண்டு ஓடும். ஜூனியரின் நெக் நல்ல பருமன். சின்னக் கை உள்ளவர்கள் கடையில் கால் மணி நேரமாவது பார் கார்டு மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எனக்கு அந்தப் பருமன் பழகிவிட்டது, இப்போது மெல்லிய நெக்கைப் பிடித்தால்தான் கை சீக்கிரம் வலிக்கிறது.

இனி ஆம்ப். ஜானி மேடையில் வைத்திருந்தது 100 வாட் மார்ஷல், கீழே 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு அடங்கிய கேபினெட்டுகள். அந்தப் பழைய மார்ஷலில் மாஸ்டர் வால்யூம் கிடையாது. வால்யூமை ஏற்ற ஏற்ற, கடைசிக் கட்டத்தில் இருக்கும் பெரிய வால்வுகளே (வெற்றிடக் குழாய்கள்) தாங்க முடியாமல் உறுமத் தொடங்கும். இன்றைய ஆம்புகளில் கெய்ன் நாப்பைத் திருப்பியதும் வரும் கரகரப்பு முன்கட்டத்துச் சின்ன வால்வுகளில் பிறப்பது. அது இன்னும் பொடியாக, நுரைத்துக்கொண்டு வரும், ரமோன்ஸுக்குப் பொருந்தாது. அதனால் டிஎஸ்எல்20-இல் அல்ட்ரா கெய்ன் சேனலை நான் தொடுவதே இல்லை. கிளாசிக் கெய்ன் சேனல், கெய்ன் ஏழுக்குப் பக்கத்தில், மிடில் ஆறு, ட்ரெபிள் ஆறு, பாஸ் நாலுக்கு மேல் போகாது, ரிவெர்ப் பூஜ்யம். அந்தச் சேனலின் வால்யூமை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்ற வேண்டும். 10 வாட்டுக்குக் குறைக்கும் வசதி இருப்பதால் வீட்டில் பகல் நேரத்தில் இது ஓரளவு சாத்தியம். ஆனாலும் 10 வாட் வால்வு ஆம்ப் என்பது அடுக்குமாடி வீட்டுக்குப் பெரிய சத்தம்தான், பக்கத்து வீட்டாரிடம் நேரம் பேசிக்கொண்டு வாசிக்கிறேன். உண்மையான பலன் ரிகர்சல் அறையில் 20 வாட்டையும் திறந்துவிடும்போது கிடைக்கிறது. கார்டு அடித்ததும் நெஞ்சில் வந்து மோதும். அந்த நேரத்தில் இந்த ஆம்புக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் சரி என்று தோன்றும்.

கெய்ன் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரு மேஜர் பார் கார்டை முழுதாக அடித்துவிட்டு, அதில் மேஜர் தேர்ட், அதாவது கார்டுக்கு இனிமை தரும் மூன்றாவது சுவரம், தனியாகக் காதில் விழுகிறதா என்று கேட்பேன். விழவில்லை என்றால் கெய்ன் அதிகம். ஜானி பெரும்பாலும் வாசித்தது முழு பார் கார்டுகள். இரண்டு மூன்று ஸ்ட்ரிங் பவர் கார்டாகச் சுருக்கினால் கோபம் இருக்கும், அந்த இனிமை போய்விடும். ரமோன்ஸ் பாட்டுகளுக்கு அடியில் அறுபதுகளின் பாப் மெட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுப்பது இந்த முழு கார்டுதான்.

வலது கை விஷயம் தனி. எல்லாமே டௌன்ஸ்ட்ரோக், மேல்நோக்கி அடிப்பது அரிது. 1976-இல் வந்த முதல் ஆல்பத்தின் தொடக்கப் பாட்டு நிமிடத்துக்கு சுமார் 175 பீட். ஒரு பீட்டுக்கு இரண்டு அடி என்றால் நொடிக்கு ஆறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. 1977 கடைசி நாளில் லண்டன் ரெயின்போ அரங்கில் அவர்கள் 28 பாட்டுகளை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தார்கள், வேகம் அங்கே இன்னும் கூடுதல். மேலும் கீழும் மாற்றி அடித்தால் வேகம் சுலபமாக வந்துவிடும், ஆனால் ஒரு அடி கனமாகவும் அடுத்தது லேசாகவும் விழும். எல்லா அடியும் ஒரே கனத்தில் விழும்போதுதான் அந்தச் சுவர் போன்ற சத்தம் எழும்புகிறது. மெட்ரோனோமை 120-இல் வைத்து ஆரம்பித்து மாதக்கணக்கில் ஏற்றினேன். முழங்கையில் இருந்து அடித்தால் ஒரு பாட்டுக்கு மேல் தாங்காது, மணிக்கட்டு தளர்வாக இருக்க வேண்டும். பிக் 0.88 மில்லிமீட்டர். அதைவிட மெலிசாக இருந்தால் வளைந்து வளைந்து அடி தாமதமாக விழுகிறது. ஸ்ட்ரிங் 11-இல் தொடங்கும் செட், அதாவது மிக மெல்லிய ஸ்ட்ரிங் 0.011 அங்குலம். 10 செட்டில் ஓங்கி அடித்தால் சுருதி ஒரு கணம் மேலே ஏறி இறங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. செட் மாற்றினால் நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் பதியும் நட்டையும் சரி செய்யச் சொல்லுங்கள், அந்தச் சின்னச் செலவில்தான் என் கிட்டார் சுருதி நிற்க ஆரம்பித்தது. ஸ்ட்ராப்பை ஜானி போலத் தொடை வரை இறக்கினால் பார் கார்டுக்கு இடது மணிக்கட்டு ரொம்ப மடங்கும். நான் இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொண்டேன்.

குழுவின் பாஸ் வாசிப்பாளர் டீ டீ ரமோனுக்கு ஃபெண்டர் பிரசிஷன் பாஸ், ஆம்பெக் எஸ்விடி ஆம்ப். அந்த ஆம்ப் 300 வாட், எட்டு 10 அங்குல ஸ்பீக்கர், மாடிப்படியில் தூக்கவே ஆள் வேண்டும். எங்கள் பாஸ் வாசிப்பவர் ஸ்குவையரில் பிரசிஷன் பிக்கப்பை மட்டும் திறந்து, பெஹ்ரிங்கர் பிடிஐ21 பெடல் வழியாக நேராக மிக்ஸருக்குப் போகிறார். விலைக்கு இது அருமையான ஏற்பாடு. விரலால் வாசிக்காமல் பிக்கால் வாசிக்க வேண்டும், அதுவும் டௌன்ஸ்ட்ரோக்தான். டிரம்ஸில் குழுவின் டிரம்மர் டாமி ரமோன் போல ஹை-ஹேட்டில் எட்டு அடியும் சீராக விழுந்தால் போதும், சாதாரண ஐந்து துண்டு கிட் தாராளம். பாடுவதற்கு ஷூர் எஸ்எம்58 மைக்.

வாங்குவதற்கு முன் முதல் ஆல்பத்தை ஹெட்ஃபோனில் ஒரு காதை மட்டும் வைத்துக் கேளுங்கள். கிட்டார் ஒரு பக்கமும் பாஸ் மறுபக்கமும் பிரிந்து இருக்கும், டிரம்ஸும் குரலும் நடுவில். கிட்டார் பக்கம் மட்டும் கேட்டால் நாம் நினைத்ததைவிட எவ்வளவு தெளிவான, கெய்ன் குறைவான சத்தம் அது என்று புரியும். என் ஆம்ப் நாப்புகள் எல்லாம் அந்த ஒரு பக்கத்தைக் கேட்டுக் கேட்டு வைத்தவை. எங்கள் ரிகர்சலைப் பதிவு செய்யும்போதும் அதே மாதிரிதான் பிரித்து வைக்கிறோம். கிட்டார் தனியாக ஒரு பக்கம் நிற்பதால் எந்த அடி தளர்ந்தது என்று மறுநாள் கேட்கும்போது தெளிவாகத் தெரிகிறது, அடுத்த ரிகர்சலுக்கு எந்த இடத்தில் உழைக்க வேண்டும் என்பதும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.